சிக்கனம் வேறு, தெரிந்து செலவழிப்பது வேறு

சம்பளம் வந்து பத்து நாள் ஆவதற்குள் "காசு எங்கே போனதென்றே தெரியவில்லை" என்ற பேச்சு எழாத வீடு குறைவு. உண்மையில் அந்தக் காசு எங்கேயும் தொலைந்துவிடவில்லை. ஓட்டோ லீசிங்குக்குப் போனது, கரண்ட் பில்லுக்குப் போனது, பிள்ளையின் ரியூசனுக்குப் போனது, ஒரே கிழமையில் வந்த இரண்டு கலியாண வீட்டுக்குப் போனது, பின்னேரம் திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரையில் கச்சானும் ஐஸ்கிறீமுமாகப் போனது. போன இடமெல்லாம் யோசித்தால் நினைவுக்கு வரும். அவற்றில் எது நாம் விரும்பிச் செய்த செலவு, எது வெறும் பழக்கத்தால் போனது, எது ஊருக்குப் பயந்து போனது என்பதுதான் பிடிபடாது.

அதைத் தெரிந்துகொண்டு செலவழிப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விஷயம் மிகவும் எளிது. உங்கள் வீட்டுக்கு எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். காசு அதற்குப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால், முக்கியமில்லாத இடத்திலிருந்து எடுத்து அங்கே போடுங்கள்.

இதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். சிக்கனக்காரர் "எவ்வளவு குறைவாக முடிக்கலாம்?" என்று கேட்பார். இங்கே கேட்க வேண்டியது "இது எதற்காக?" என்று. நிலாவெளியிலிருந்து படகு பிடித்துப் புறாத்தீவுக்குப் போகிற இரண்டு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் பவளப்பாறையைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்; இந்தக் கடலோரத்தில் பிறந்துவிட்டு அதைப் பார்க்காமல் வளரக் கூடாது என்று அப்பாவுக்கு ஆசை. மற்ற வீட்டில், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போய்ப் படம் போட்டுவிட்டார்கள், நாமும் போகாவிட்டால் எப்படி என்று கிளம்பியிருக்கிறார்கள். படகுக் கூலி இருவருக்கும் ஒன்றுதான். முதல் வீட்டுக்கு அது பெறுமதியான செலவு. இரண்டாம் வீட்டுக்கு அது நழுவிப்போன காசு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே "இதற்குச் செலவழிக்கலாம், இதற்குச் செலவழிக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போட முடியாது. அப்படிப் பட்டியல் போட்டுத் தருகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எழுதிப் பார்ப்பது

முதல் வேலை, ஒரு மாதம் எழுதுவது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் வீட்டுக் கணக்கேடு ஒன்றை வெளியிட்டார். வீட்டுப் பெண்கள் வரவு செலவைக் கையால் எழுதி, மாத முடிவில் அதைப் பார்த்து யோசிக்கும் பழக்கம் அங்கே இன்றைக்கும் இருக்கிறது. நமக்கு இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி போதும். பாதிக் கணக்கை ஒழுங்கை முனைக் கடைக்காரர் தன் கடன் கொப்பியில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். வங்கியிலிருந்து ஃபோனுக்கு வரும் குறுஞ்செய்திகளில் இன்னொரு கால்வாசி இருக்கும்.

எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "சாப்பாடு", "போக்குவரத்து", "உடுப்பு" என்று பொருளை வைத்துப் பிரித்தால் இந்த வேலைக்கு அது உதவாது. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஓட்டோக் கூலியும், காலையில் பிந்தி எழும்பியதால் பிடித்த ஓட்டோக் கூலியும் "போக்குவரத்து" என்ற ஒரே வரியில் விழுந்துவிடும். முதலாவது அம்மாவுக்கான செலவு. இரண்டாவது நித்திரைக்கான செலவு. ஆகவே ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எதற்காக, யாருக்காக என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் மாத முடிவில் கூட்டல் கழித்தல் தேவையில்லாமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். எழுதுகிறோம் என்பதற்காகவே செலவைக் குறைத்தால், உங்கள் வீட்டு உண்மை நிலவரம் கொப்பியில் வராது.

எது முக்கியம் என்று கண்டுபிடிப்பது

"உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம்?" என்று நேராகக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே விடைதான் வரும்: குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, ஆரோக்கியம். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு செலவையும் தீர்மானிக்க முடியாது. எந்தச் செலவையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் திணித்துவிடலாம். ஐம்பத்தைந்து அங்குல டீவியைக்கூடக் "குடும்பம்" என்று எழுதிவிடலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொடுமளவுக்குப் போனது. உணவுப் பொருள்களில் மட்டும் பார்த்தால் 90ஐத் தாண்டியது. எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கியது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். பால்மா இல்லாமல் பிளேன்ரீ குடித்தோம். எல்லா வீட்டிலும் செலவு வெட்டப்பட்டது, நம்மைக் கேட்காமலே.

அந்தக் கஷ்டத்தைப் பெருமையாகப் பேச நான் வரவில்லை. பசியோடு படுத்தவர்களுக்கு அது பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆனால் எப்படியோ சமாளித்து வந்த வீடுகளுக்கு அந்த வருஷம் ஒரு தகவலை விட்டுப்போயிருக்கிறது. எந்தெந்தச் செலவை நிறுத்தினோம்? அவற்றில் எது இல்லாதது பெரிதாகத் தெரியவே இல்லை? நிலைமை கொஞ்சம் இளகியதும் எதை முதலில் திரும்பத் தொடங்கினோம்? ஒரு வீட்டில் பின்னேரப் பால் தேத்தண்ணி முதலில் திரும்பி வந்தது. அது அந்த வீட்டார் சேர்ந்து உட்காரும் நேரம். ஒரு வீட்டில் மூதூரிலிருக்கும் அம்மம்மாவைப் போய்ப் பார்ப்பது முதலில் தொடங்கியது. இன்னொரு வீட்டில் மகள் நிறுத்திய வயலின் வகுப்பு. நிறுத்தியபின் யாரும் தேடாத செலவுகளும் இருந்தன. அவற்றில் சில, எவரும் முடிவெடுக்காமலே, 2024 அளவில் மெல்லத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டன. உங்கள் வீட்டில் அப்படித் திரும்பி வந்தவை எவை என்று தேடுங்கள். வெட்டுவதற்கு அதைவிடச் சுலபமான இடம் கிடைக்காது.

இன்னொரு கேள்வியும் உதவும்: நினைத்திராத 50,000 ரூபா கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் காட்டிக்கொள்ளுங்கள். சேர்ந்து யோசித்தால் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுத்துவிடுவார், உண்மை வராது.

ஒரு வீட்டுக் கணக்கு

இதை எண்களோடு பார்த்தால் இன்னும் தெளியும். பாலையூற்றில் ஒரு கற்பனைக் குடும்பம். மனைவி ஆசிரியை, கணவர் ஓட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள், கூட இருக்கும் அம்மா. பெட்ரோல் போக மாதம் 130,000 ரூபா வருகிறது. மளிகை, மீன், மரக்கறி 48,000. லீசிங் 24,000. கரண்ட், தண்ணீர், ஃபோன், இணையம் 11,000. ரியூசன் 14,000. கலியாணம், பிறந்தநாள், கோயில் என்று 12,000. கடைச் சாப்பாடும் பேக்கரியும் 9,000. அம்மாவின் மருந்து 5,000. சீட்டு 5,000. மிச்சம் 2,000.

இவர்களிடம் எது முக்கியம் என்று மேலே சொன்ன மாதிரிக் கேட்டால் மூன்று விஷயங்கள் வருகின்றன. அம்மா நடமாட்டத்தோடு இருக்க வேண்டும். பிள்ளைகள் விளங்கிப் படிக்க வேண்டும். மழைக்கு ஒழுகும் குசினிக் கூரையை மாற்ற வேண்டும். இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். கூரைக்கு ஒரு ரூபாவும் போகவில்லை. அம்மாவுக்கு மருந்து மட்டும்தான். டொக்டர் சொன்ன பயிற்சிக்குக் கூட்டிப்போவது காசில்லை என்று தள்ளிப் போகிறது.

வழக்கமான புத்திமதி என்ன சொல்லும்? "கடைச் சாப்பாட்டை நிறுத்து" என்று. இந்த வீட்டில் அது பிழையான இடம். பின்னேரங்களில்தான் ஓட்டோவுக்கு ஓட்டம் அதிகம் என்பதால் அப்பா பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது வெள்ளிக்கிழமை இரவு மட்டும். அன்றைக்குக் கொத்து ரொட்டி. அந்த 9,000இல் 4,000 அதற்குப் போகிறது. அதில் கை வைத்தால் வீட்டில் ஒரேயொரு நல்ல இரவு போய்விடும். மீதி 5,000, காலை அவசரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் றோல்ஸும் பணிசும். முதல் நாள் இரவே கொஞ்சம் ஆயத்தம் செய்தால் அதில் 3,000 மிஞ்சும். ரியூசனைக் கேட்டுப் பார்த்தால், மூத்தவன் போகும் ஒரு வகுப்பு கூட்டாளிமார் போகிறார்கள் என்பதற்காக; அங்கே ஒன்றும் விளங்குவதில்லை என்று அவனே சொல்கிறான். அது 4,000. விசேஷங்களுக்குப் போகும் 12,000ஐ 8,000க்குக் கொண்டுவரலாம். எப்படி என்று பிறகு பார்ப்போம். ஆக 11,000 கையில் நிற்கிறது. அதில் 3,000 அம்மாவின் பயிற்சிக்கு. 8,000 கூரைக்கு, 120,000 ரூபா வேலை என்றால் பதினைந்து மாதத்தில் சேர்ந்துவிடும்.

இந்த வீட்டுச் செலவின் மொத்தம் ஒரு ரூபாவாலும் குறையவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது.

லீசிங்கை மட்டும் இங்கே தொட முடியவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். லீசிங், அடைவு வட்டி, தவணைக் கடன் எல்லாம் சில வருஷத்துக்கு முன்பு எடுத்த முடிவுகள். இன்றைய சம்பளத்தில் வந்து கழிகின்றன. அவற்றைக் கையெழுத்துப் போடுமுன் யோசிக்கலாம். பிறகு யோசித்துப் பயனில்லை.

நாலு பேர்

இனி, அந்த விசேஷச் செலவு. வெளிநாட்டில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் விளம்பரத்தையும் இணையக் கடையையும்தான் பெரிய எதிரியாகச் சொல்வார்கள். நம்முடைய ஊரில் அது இரண்டாம் இடத்தில்தான். முதலிடம் நாலு பேருக்கு.

கலியாண வீட்டுக்குக் கொடுக்கும் அன்பளிப்பை வீண் செலவு என்று தள்ளிவிட முடியாது. யார் எவ்வளவு தந்தார்கள் என்று பல வீடுகளில் கொப்பி இருக்கிறது. இன்று கொடுப்பது ஒருநாள் திரும்பி வரும், நேற்று வாங்கியதை இன்று திருப்ப வேண்டும். பாதி சேமிப்பு, பாதி கடன். அதைவிட, செத்தவீட்டுக்கு முதல் ஆளாக ஓடி வந்து நிற்கப்போகிறவர்கள் இவர்கள்தான். அந்த உறவு உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்குக் காசு போவது சரிதான்.

ஆனால் உறவுக்குக் கொடுப்பதற்கும் போட்டிக்குக் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அழைப்பிதழ் கையில் வந்தபிறகு அந்தக் கோட்டைப் போட வராது. வருஷத் தொடக்கத்திலேயே போடுங்கள். விசேஷங்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதற்குள், கூடப்பிறந்தவர்கள் வீட்டுக்கு ஒரு அளவு, நெருங்கிய சொந்தத்துக்கும் கூட்டாளிமாருக்கும் ஒரு அளவு, மற்ற எல்லோருக்கும் ஒரே சிறிய அளவு. மண்டபத்தின் பகட்டைப் பார்த்து அந்த இடத்தில் அளவை மாற்றக் கூடாது. நெருங்கிய வீடு என்றால் இரண்டு நாள் முன்னதாகப் போய் வேலைக்கு நில்லுங்கள். கவரில் இருந்ததை மறந்தாலும் அதை யாரும் மறப்பதில்லை. கற்பனைக் குடும்பத்தின் 12,000 இப்படித்தான் 8,000 ஆகிறது.

தன் வீட்டு விசேஷம்தான் கடினம். மகளுக்குச் சாமத்திய வீடு. மண்டபம், மேடை அலங்காரம், மூன்று உடுப்பு மாற்றம், மேலே பறக்கிற கமரா, வீடியோ, அல்பம். அந்தப் பிள்ளைக்கே அதில் ஆசை, கையிலும் காசு இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சந்தோஷத்துக்குச் செலவழிப்பதில் ஒரு குற்றமும் இல்லை. நகையை அடைவு வைத்துச் செய்வதாக இருந்தால் மட்டும், யாருக்காக என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் இருக்க, விருந்து மட்டும் முந்நூறு பேருக்கு நடக்கிற விசேஷங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சரி, பெரியம்மா வந்து கேட்பார்: "என்ன பிள்ளை, இருக்கிறது ஒரேயொரு பொம்பிளைப் பிள்ளை. மண்டபம் எடுக்காமல் வீட்டிலயோ செய்யப்போறீங்கள்?" இதற்குக் "காசில்லை பெரியம்மா" என்று பதில் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் "நான் தாறன், பிறகு தாங்கோ" என்று அடுத்த வார்த்தை வரும், அதோடு நீங்கள் கடன்காரர். "அவளுக்கு உயர்தரத்துக்கு முதல் ஒரு கொம்பியூட்டர் வாங்க எடுத்து வைச்சிருக்கிறம் பெரியம்மா, அவளுக்கும் அதுதான் விருப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்துப் பேச இடமிருக்காது. முக்கியமானது எது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பதன் நடைமுறைப் பயன் இதுதான்: வேண்டாம் என்று சொல்ல நேரும்போது, வேறு எதற்கு என்று சொல்ல வாயில் ஒரு பதில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்கும் ஒரு குறிப்பு. கனடாவிலிருக்கும் தங்கச்சி "திருவிழா உபயத்துக்கு" என்று அனுப்பினால் அந்தக் காசு அவரது விருப்பத்தோடு வருகிறது. அதை அதற்கே செலவழிப்பதுதான் முறை. "வீட்டுக்கு" என்று பொதுவாக அனுப்பும்போதுதான் குழப்பம் வரும். எதற்கு என்று ஒரு தரம் பேசிவிட்டால் பின்னால் வரும் மனக்கசப்புப் பாதியாகக் குறையும்.

கை ஏன் நழுவுகிறது

இதெல்லாம் தெரிந்தும் கடையில் நிற்கும்போது மறந்துவிடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் ஷேன் ஃபிரெடெரிக்கும் வேறு சில ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 14.99 டொலர் விலையுள்ள வீடியோ ஒன்றை வாங்குவீர்களா என்று சிலரிடம் கேட்டார்கள். ஒரு குழுவுக்கு "வாங்குவேன்", "வாங்க மாட்டேன்" என்ற இரண்டு தெரிவுகள். 75 சதவீதமானோர் வாங்குவதாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு இரண்டாம் தெரிவை மட்டும் கொஞ்சம் நீட்டி, "வாங்க மாட்டேன், அந்த 14.99 டொலரை வேறு எதற்காவது வைத்துக்கொள்வேன்" என்று எழுதினார்கள். வாங்குகிறவர்கள் 55 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். காசு கையில் நின்றால் வேறு எதற்காவது உதவும் என்பது யாருக்கும் புதிய செய்தியில்லை. ஆனாலும் யாராவது நினைவுபடுத்தினால்தான் நினைவு வருகிறது.

ஆகவே அந்த "வேறு எதற்காவது" என்பதற்கு ஒரு பெயரைக் கொடுங்கள். பிரதான வீதிக் கடையில் 16,000 ரூபாவுக்கு ஒரு சப்பாத்தைக் கையில் எடுக்கும்போது, "கூரைக்கு இரண்டு மாதக் காசு" என்று வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், பிறகு அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம்.

கார்டும் ஒரு காரணம். டிராசன் பிரெலெக், டன்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். காசாகக் கட்ட வேண்டியவர்களைவிடக் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றிருந்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். டிக்கெட் ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். கார்டை எறிந்துவிடச் சொல்லவில்லை. பழக்கத்தால் நழுவும் செலவு எதுவோ, அதை மட்டும் நோட்டாகக் கட்டுங்கள்.

கடலையும் வயலையும் நம்பியிருப்பவர்கள்

வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் ஆசைக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு என்ற சூத்திரத்தை எங்காவது படித்திருப்பீர்கள். மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது ஒரு தொடக்கம். திருகோணமலையில் எத்தனை பேருக்கு அப்படி?

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி, படகு, வாடகை வாகனத்தை நம்பியிருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். திருக்கடலூரில் கடலுக்குப் போகிறவர்களுக்கு வாடைக்காற்று கிளம்பினால் பல நாள் படகு கரையில்தான். தம்பலகாமத்து வயல்காரருக்குப் பெரும்போகம் வெட்டியதும் ஒரு தரம், சிறுபோகம் வெட்டியதும் ஒரு தரம். இதில் ஒரு கொடுமை, கடற்கரைப் பக்கத்துக்கு வருமானம் படுத்துவிடும் அதே மாதங்களில்தான் தீபாவளி, நத்தார், பொங்கல் எல்லாம் வரிசையாக வருகின்றன. கையில் இல்லாதபோது செலவு வாசலில் நிற்கிறது. நகை அடைவுக்குப் போகிறது. சீசன் தொடங்கியதும் அதை மீட்பதில் பாதி வருமானம் போய்விடுகிறது.

இவர்களுக்கு மாதக் கணக்கைவிட வருஷக் கணக்குத்தான் பொருந்தும். அரிசி, பருப்பு, மீன், மருந்து, கரண்ட், ரியூசன் என்று ஒன்றும் ஆடம்பரமில்லாத மாதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். அது 60,000 என்று வையுங்கள். வருமானம் குறையும் மாதம் நான்கு என்றால் 240,000. அந்த மாதங்களிலும் கொஞ்சமாவது வரும் என்பதால், அதில் பாதியையாவது சீசன் நடக்கும்போதே எடுத்து வேறாக வைக்க வேண்டும். பண்டிகைத் தொகையையும் அதோடு சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டும் ஒதுங்கிய பிறகு கையில் நிற்பதைத்தான் "நமக்கு எது முக்கியம்" என்ற கேள்விக்கு முன்னால் வைக்க முடியும். அதற்கு முன் வைத்தால், செப்டெம்பரில் வாங்கிய பெரிய ஃபோன் டிசெம்பரில் அடைவு கடைக்குப் போகும்.

எங்கே வைப்பது? சீட்டு நல்ல பழக்கம்தான். பக்கத்து வீட்டு ஆட்களுக்கு முன்னால் கட்டாமல் விட வெட்கமாக இருக்கும், அந்த வெட்கமே சேமிக்க வைக்கும். ஆனால் பிடிக்கிறவர் போய்விட்டால் காசும் போய்விடும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைக்கும் வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. வாடை மாதங்களுக்கான காசை அங்கே வைத்துவிட்டு, கூரைக்குச் சேர்ப்பதைச் சீட்டில் போடலாம்.

கொடுப்பதும் காசில்லாததும்

இந்த யோசனை எங்கிருந்தோ வந்த புதுமை மாதிரித் தோன்றலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் வருஷாவருஷம் ஸகாத் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது: சேர்ந்து நிற்கும் செல்வம் ஓர் அளவைத் தாண்டினால் அதில் 2.5 சதவீதம், மிஞ்சினால் பார்ப்போம் என்று இல்லாமல், கணக்குப் போட்டுக் கொடுப்பது. தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று கொடுக்கும் குடும்பங்களும், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்த பாட்டிகளும் செய்தது அதேதான். முக்கியமானதை முதலில் எடுத்துவிடுவது. வேறு எந்தச் செலவுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

கொடுத்தால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நோர்ட்டன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குக் காலையில் 5 டொலரோ 20 டொலரோ கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தனக்கென்று செலவழித்தவர்களைவிட மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள் மாலையில் சந்தோஷமாக இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது வித்தியாசம் காட்டவில்லை.

எங்கே வாங்குகிறோம் என்பதும் இதற்குள் வரும். தம்பலகாமத்துச் சட்டித் தயிரை வீதியோரம் விற்கிறவரிடம் வாங்கினால், அந்தக் காசு தெரிந்த ஒரு வீட்டுக்குப் போகிறது. உங்களுக்கு அது முக்கியமா என்று பாருங்கள். முக்கியமில்லை, விலைதான் முக்கியம் என்றால் அதுவும் ஒரு நேர்மையான பதில்தான்.

சில முக்கியமான விஷயங்களுக்குக் காசே தேவைப்படாது. கோட்டைக்குள்ளால், மான்களைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளோடு நடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போக யாரும் பணம் கேட்கப்போவதில்லை. ஆனால் ஓட்டோக்காரருக்கு அந்தப் பின்னேரத்தின் ஓட்டம் போய்விடும். அதையும் செலவென்றே கொப்பியில் எழுதுங்கள்: "ஓடாமல் விட்ட பின்னேரம், பிள்ளைகளுக்காக." உழைக்காமல் விட்ட நேரமும் நாம் கொடுக்கும் விலைதான்.

இரண்டு எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருமானமே சோற்றுக்குப் போதாத வீட்டில் போய் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்காதீர்கள். அங்கே வேண்டியது வருமானம், புத்திமதி அல்ல. மற்றது, "எனக்கு அனுபவம்தான் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டு, பிடித்ததையெல்லாம் வாங்க இதைச் சாட்டாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். முக்கியமானவை பத்து இருந்தால் ஒன்றும் முக்கியமில்லை. மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கணவனும் மனைவியும் ஒரே பட்டியலுக்கு வராவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலும் வர மாட்டார்கள். அவருக்கு ஓட்டோவுக்குப் புதுச் சீற் உறை வேண்டும், இவருக்கு வீட்டு முற்றத்தில் பூச்சாடி வேண்டும். எல்லாவற்றையும் பேசித் தீர்க்கப் போனால் ஒவ்வொரு மாத முடிவும் சண்டையில்தான் முடியும். பொதுவான மூன்று விஷயங்களை மட்டும் சேர்ந்து முடிவெடுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு சிறிய தொகை, 2,000 என்று வையுங்கள், கேள்வி கணக்கில்லாமல் அவரவர் கையில். அதில் அவர் லொத்தர் எடுத்தாலும் சரி, இவர் வாங்கிய பூச்சாடி இரண்டு கிழமையில் காய்ந்துபோனாலும் சரி, கொப்பியில் "சொந்தச் செலவு" என்று ஒரே வரி. லொத்தர் 2,000ஐத் தாண்டிய மாதத்தில் மட்டும் வாய் திறக்கலாம்.